அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருகிறவர்கள்

"சார், வீடு பிடிச்சுப்போச்சு. டோக்கன் அட்வான்ஸும் கொடுத்துட்டோம். டாக்குமென்ட் மட்டும் ஒரு தடவை பார்த்துச் சொல்லிடுங்க."

முதல் முறையாக வீடு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த வாக்கியத்தோடுதான் என் அலுவலகத்துக்குள் வருகிறார்கள். தாம்பரம், செங்கல்பட்டுப் பக்கம் பதினெட்டு வருடமாகச் சொத்துப் பத்திரங்களைப் பார்த்து லீகல் ஒப்பீனியன் எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த 'மட்டும்' என்னை இன்னமும் சங்கடப்படுத்துகிறது. பணம் கைமாறுவதற்கு முன்னால் நான் ஒரு குறையைச் சொன்னால் உஷாராகிவிடுவார்கள். கைமாறிய பிறகு அதையே சொன்னால், நல்ல காரியத்தில் அபசகுனமாகப் பேசுகிறவன் ஆகிவிடுவேன்.

அவசரத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆடி முழுக்கக் காத்திருந்துவிட்டு ஆவணி முதல் முகூர்த்தத்தில் கொடுத்துவிட வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். "இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க" என்று புரோக்கர் சொல்லியிருப்பார். அந்த இன்னொரு பார்ட்டியை இத்தனை வருடத்தில் நான் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

சில வருடங்களுக்கு முன் ஓர் இளம் தம்பதி வந்தார்கள். கணவர் ஐ.டி. கம்பெனியில் வேலை, மனைவி பள்ளி ஆசிரியை. தனி வீடு, 58 லட்சம் பேசி 2 லட்சம் டோக்கன் கொடுத்திருந்தார்கள். ரசீதை எடுத்துக் காட்டினார்கள். கோடு போட்ட நோட்டுத் தாள், ரெவின்யூ ஸ்டாம்ப், விற்கிற அண்ணன் தம்பி இருவரின் கையெழுத்து. கடைசி வரி: 'கிரயம் பெறுபவர் பின்வாங்கினால் முன்பணம் திருப்பித் தரப்படமாட்டாது.' விற்பவர் பக்கம் கோளாறு வந்தால் என்ன என்று ஒரு வார்த்தை இல்லை.

வில்லங்கச் சான்று 30 வருடத்துக்குப் போட்டிருந்தார்கள். அதில் இருந்தது ஒரே பதிவு, 1998-இல் விற்கிறவர்களின் அப்பா வாங்கிய கிரயம். "பாத்தீங்களா சார், ஒரு வில்லங்கமும் இல்ல" என்றார் கணவர்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வில்லங்கச் சான்று என்பது அந்தச் சொத்தின் மேல் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானவற்றின் பட்டியல், அவ்வளவுதான். பதிவாகாத உயில் அதில் வராது. கைமாற்று வாங்கிக்கொண்டு மூலப் பத்திரத்தை யாரிடமாவது கொடுத்து வைத்திருந்தால் வராது. கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்கு நடந்தாலும் பெரும்பாலும் வராது. வீட்டுக்காரர் இறந்துபோனாலும் வராது.

பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே இருந்தது. அவர் 2009-இல், உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். வாரிசுச் சான்றிதழ் கேட்டேன். நாலு நாள் கழித்து வந்தது. ரசீதில் கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டு பேர். சான்றிதழில் இருந்த பெயர்கள் ஐந்து. மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள், ஐந்தாவதாக இறந்தவரின் தாய்.

அம்மா கையெழுத்துப் போட்டுவிடுவார், சிக்கல் இல்லை. மகளைப் பற்றிக் கேட்டதற்கு, வழக்கமான பதில் வந்தது. "அக்காவுக்குக் கல்யாணத்துலயே எல்லாம் செஞ்சாச்சு சார்." சீர் செய்ததால் பங்கு போய்விடாது. 1989-இல் வந்த தமிழ்நாட்டுத் திருத்தம், 2005-இல் வந்த மத்தியத் திருத்தம் என்று சிலர் தேதிகளை வைத்துக்கொண்டு வாதம் செய்வார்கள். அவை பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்து பற்றியவை. அப்பா சொந்தமாக வாங்கி, உயில் எழுதாமல் இறந்த சொத்தில் மகளுக்குச் சமபங்கு 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. அக்கா நல்லவர், வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

நான் விரல் வைத்தது ஐந்தாவது பெயரில். மகன் இறந்த அன்று பாட்டி உயிரோடு இருந்திருக்கிறார். இந்து ஆண் உயில் இல்லாமல் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு அவருடைய தாயும் முதல் வகுப்பு வாரிசு. ஐந்தில் ஒரு பங்கு பாட்டிக்கு. அந்தப் பாட்டியும் 2014-இல் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். கணவர் இல்லாத நிலையில் அவருடைய பங்கு அவர் பிள்ளைகளுக்குப் போகும். அதாவது ஒரு சித்தப்பாவுக்கும் ஓர் அத்தைக்கும், இறந்துபோன மகனின் பிள்ளைகளுக்கும். இந்த வீட்டில் சித்தப்பாவுக்குப் பங்கு உண்டு என்று சித்தப்பாவுக்கே தெரியாது.

விற்கிறவர்கள் மோசக்காரர்கள் இல்லை. எங்கள் முன்னால் உட்கார்ந்து, "பாட்டிக்கு எப்படி சார் பங்கு வரும்?" என்று நிஜமாகவே திகைத்துப்போய்க் கேட்டார்கள். அத்தை திருவாரூரிலிருந்து பஸ் ஏறி வந்து, தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தார். சித்தப்பாவோடு இவர்களுக்குப் பல வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அவர் கடைசி வரை வரவில்லை. எட்டு மாதம் இழுத்து, அந்தக் கிரயம் நின்றுபோனது. டோக்கன் பணத்தை அண்ணன் தம்பிகள் ஏற்கெனவே செலவழித்திருந்தார்கள். நாலு தவணையில் திரும்பி வந்தது.

அதனால், வீட்டைப் பார்த்த அன்றைக்கே கேட்க வேண்டியது ஜெராக்ஸ் கட்டு. கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப் பத்திரம், பட்டா, யாராவது இறந்திருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும், வீட்டுக்கான பிளான் அனுமதி, வரி ரசீது. வில்லங்கத்தைப் பதிவுத் துறையின் இணையதளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பட்டாவையும் புல வரைபடத்தையும் வருவாய்த் துறையின் தளத்தில் எடுக்கலாம். பத்திரத்தில் உள்ள சர்வே எண்ணும் அளவும் பட்டாவோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வக்கீல் தேவையில்லை, கண் இருந்தால் போதும். ஒரிஜினலை நேரில் பார்த்தே ஆக வேண்டும். "தொலைஞ்சுபோச்சு" என்றால், அது எங்கேயோ அடமானத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு விசாரியுங்கள். உரிமையாளருக்குப் பதிலாக அவரிடம் அதிகாரப் பத்திரம் வாங்கிய பவர் ஏஜென்ட் விற்கிறார் என்றால் பவர் கொடுத்தவரோடு ஒரு முறையாவது பேசுங்கள். கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்தப் பவரும் அவரோடு போய்விடும்.

"பேங்க்லயே லீகல் பார்ப்பாங்களே?" என்பது அடுத்த கேள்வி. பார்ப்பார்கள், பேங்குக்காக. நாளைக்குச் சொத்தில் சிக்கல் வந்தாலும் இ.எம்.ஐ. உங்கள் சம்பளத்திலிருந்துதான் போகும்.

பணக் கணக்கையும் டோக்கனுக்கு முன்பே போட வேண்டும். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்சவரம்பு சொத்து மதிப்பில் 80 சதவீதம். 58 லட்சம் வீட்டுக்கு 46 லட்சத்து 40 ஆயிரம், அதுவும் சம்பளம் இடம்கொடுத்தால். மீதி 11 லட்சத்து 60 ஆயிரம் கையிலிருந்து. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் என்றால் இன்னும் 5 லட்சத்து 22 ஆயிரம். கிட்டத்தட்ட 17 லட்சம் கையில் வேண்டும், புரோக்கர் கமிஷனும் பெயின்ட்டும் தனி. 50 லட்சம் அல்லது அதற்கு மேல் விலை என்றால் விற்பவருக்குத் தரும் பணத்தில் ஒரு சதவீதம் வரி பிடித்து அரசுக்குக் கட்டும் பொறுப்பும் வாங்குகிறவருடையது. அப்புறம், அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். நிலம், வீடு விற்கிறவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது.

கட்டிக்கொண்டிருக்கும் ஃப்ளாட் என்றால் வேறு கணக்கு. ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். பதிவு செய்த ஒப்பந்தம் போடாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது.

இவ்வளவும் சொன்ன பிறகும், முகூர்த்தம் தப்பிவிடும், ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்பார்கள். சரி, சின்னத் தொகையாக வங்கி வழியே கொடுங்கள். ரசீதில் மட்டும் நான் சொல்கிற ஒரு வரி இருக்கட்டும்: 'வாங்குபவரின் வழக்கறிஞர் ஆவணங்களில் குறை கண்டாலோ, வங்கிக் கடன் கிடைக்காமல் போனாலோ, இந்த முன்பணம் முழுவதையும் 15 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும்.' விற்கிறவர் கொஞ்சம் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். அதன் பிறகு போடுகிற கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். 2012 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் அது கட்டாயம். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிப் பீரோவில் வைக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை.

போன தை மாதம் அந்த ஆசிரியை மறுபடி வந்தார், ஜெராக்ஸ் கட்டோடு. டோக்கன் கொடுத்தாச்சா என்றேன்.

"இன்னும் இல்ல சார். வீடு விற்கிறவரோட அம்மா பேர்ல இருந்திருக்கு, அவங்க தவறிட்டாங்க. அவங்க புருஷன் இருக்காரான்னு கேட்டேன். புரோக்கர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்."

"இருக்காரா?"

"திருச்சியில பெரிய பையனோட இருக்காராம்."

கட்டைப் பிரித்து, வாரிசுச் சான்றிதழைத் தேடினேன்.