லைசன் ஆளுக்கா, வீட்டுக்கா? பயிர்க்காவல் துவக்கு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

இலங்கை மலைநாட்டில் வெலிமடை, ராகலை, கந்தப்பளைப் பக்கம் உருளைக்கிழங்கு போட்டவர்களுக்குக் காட்டுப்பன்றியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே இரவில் பாத்தியைக் கிளறிப் போட்டுவிடும். சொந்தக் காணி உள்ளவர்கள் லைசன் எடுத்து ஒற்றைக்குழல் துவக்கு (துப்பாக்கி) வைத்திருப்பது அதனால்தான். (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து ஆட்கள் பலருக்குக் காணி உறுதியே கிடையாது. இந்த வழி அவர்களுக்குத் திறப்பதில்லை. அது தனியாகப் பேச வேண்டிய கதை.)

இதற்கான சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். 1996இல் திருத்தியபோது தண்டனைகளைக் கடுமையாக்கினார்கள். பயிர்க்காவல் துவக்குக்கு மாவட்டச் செயலகத்தில், அதாவது நம் கச்சேரியில், லைசன் எடுக்க வேண்டும். உயிர்ப் பாதுகாப்புக்கென்று பெறும் கைத்துப்பாக்கி பாதுகாப்பு அமைச்சின் பொறுப்பு. லைசன் டிசம்பர் 31உடன் முடியும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

லைசன் வீட்டுக்குத் தரப்படுவதில்லை, ஆளுக்குத்தான். அப்பா பேரில் உள்ள துவக்கை மகன் இரவுக் காவலுக்குத் தூக்கிக்கொண்டு போய் மாட்டினால், லைசன் இல்லாமல் துவக்கு வைத்திருந்ததாக மகன் மேல் வழக்கு வரலாம். "ஒரே குடும்பம்தானே சேர்" என்று பொலிஸில் சொல்லிப் பயனில்லை. ஆகவே வீட்டில் வேறு யார் கைக்கும் எட்டாமல் வைப்பது லைசன்காரரின் வேலை.

நம் பக்கத்தில் என்ன நடக்கிறது? மூடுபனி ஈரத்தில் குழல் துருப்பிடிக்கும் என்று துவக்கை அடுப்புக்கு மேலே பரணில் செருகி வைக்கிறார்கள். தோட்டாவும் அங்கேயே, ஒரு பழைய டின்னில். துருவுக்கு எண்ணெய்த் துணி போதும். தோட்டாவை அடுப்புச் சூட்டில் வைப்பது சுத்தப் பைத்தியக்காரத்தனம். வெளியிலிருந்து வந்ததும் துவக்கை மடித்துத் திறந்து, குழலுக்குள் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். மடிக்கும் வகைத் துவக்கில் முன்கட்டையைக் கழற்றினால் குழல் தனியாக வந்துவிடும். இரும்பு அலுமாரிக்கு வசதியில்லாத வீட்டிலும் இப்படிப் பிரித்துத் தகரப் பெட்டியில் பூட்டலாம். தோட்டாவுக்கு வேறு பெட்டி, வேறு பூட்டு. சாவியைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைக்காதீர்கள், பிள்ளைகள் முதலில் தேடுவதே அங்கேதான்.

துவக்கு காணாமல் போனால் அன்றே பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். பயந்து மறைத்துவிட்டு, பிறகு அந்தத் துவக்கு ஒரு குற்றத்தில் சிக்கினால், பதில் சொல்ல வேண்டியவர் லைசன்காரர்தான்.

பாதையில் கம்பி இழுத்துக் கட்டி, கம்பியில் பட்டதும் தானாக வெடிக்க வைக்கும் கட்டுத்துவக்கு எந்த லைசனுக்குள்ளும் வராது. கொழுந்து எடுக்கப் போகும் பெண்ணுக்கும் பன்றிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

லைசன்காரர் இறந்துவிட்டால், அப்பாவின் ஞாபகம் என்று துவக்கை வீட்டில் வைத்திருக்க முடியாது. பொலிஸில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பிள்ளைகளில் ஒருவருக்கு அது தேவையென்றால், அப்புறம் அவர் தன் பேரில் கச்சேரியில் விண்ணப்பிக்க வேண்டும்.