சப்பாத்துப் பெட்டியில் வந்த "காகக் குஞ்சு"

போன மாதம் வெள்ளவத்தையிலிருந்து ஓர் அம்மம்மாவும் பேரனும் எங்கள் கிளினிக்குக்கு ஒரு சப்பாத்துப் பெட்டியோடு வந்தார்கள். "டொக்டர், காகக் குஞ்சு. மதிலடியில கிடந்தது. சோறு வச்சுப் பார்த்தம், தின்னுதில்லை" என்றார் அம்மம்மா. பெட்டிக்குள் கறுப்பாக ஒரு குஞ்சு வாயைப் பிளந்தபடி இருந்தது. அதன் காலைப் பேரனிடம் காட்டினேன். "தம்பி, விரலை எண்ணிப் பாருங்கோ." முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. காகத்துக்கு முன்னால் மூன்று, பின்னால் ஒன்று. வந்திருந்தது குயில் குஞ்சு.

குயில் தன் முட்டையைக் காகத்தின் கூட்டில் இடும் என்பது எல்லோருக்கும் தெரியும். குயில் முட்டை முந்திப் பொரித்துவிடும். கூட்டை விட்டு இறங்கிய பிறகும் காகமே அதற்குத் தீனி கொடுக்கும். அதனால்தான் காகங்கள் சூழ்ந்து கத்தும் குஞ்சைக் காகக் குஞ்சு என்றே எடுத்து வருகிறார்கள். நிறம் உங்களை ஏமாற்றும். கால் ஏமாற்றாது.

சரி, அப்போது எது காகம்? இலங்கையில் வாழும் காகக் குடும்பப் பறவைகள் மூன்றே மூன்றுதான்.

காலிமுகத்திடலில் கடலைச் சுருளைப் பறிப்பதும், புரட்டாதிச் சனியன்று நாம் வைக்கும் சோற்றுக்கு வருவதும் பெரும்பாலும் வீட்டுக் காகம். ஆங்கிலத்தில் கொழும்புக் காகம் என்றே இதற்கு ஒரு பெயர் உண்டு. நீளம் ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர். முகமும் தொண்டையும் கறுப்பு, கழுத்து சாம்பல். இந்தியப் படங்களை வைத்துத் தேடுகிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். நம் நாட்டு வீட்டுக் காகத்தின் கழுத்து அங்குள்ளதைவிட இருண்ட சாம்பல். இளம் பறவையில் அதுவும் மங்கலாக இருப்பதால் அண்டங்காகம் என்று நினைத்துவிடுவார்கள்.

அண்டங்காகம் உடம்பு முழுக்க மினுங்கும் கறுப்பு, உருவமும் பெரிது. நான் முதலில் பார்ப்பது அலகைத்தான். தடித்து, மேற்பக்கம் வில்போல வளைந்திருக்கும். குரலும் கனத்த கரகரப்பு. நகரத்தை விட்டு உள்ளே போகப் போக, மலைநாடு வரை, இதைத்தான் அதிகம் காண்பீர்கள்.

மூன்றாவதைக் காகம் என்றால் ஒருவரும் நம்பமாட்டார்கள். நீல உடம்பு, செங்கபில நிறத் தலையும் இறக்கையும், சிவப்பு அலகு, சிவப்புக் கால், நுனியில் வெள்ளை வைத்த நீண்ட வால். இலங்கையில் மட்டுமே வாழும் நீல மக்பை இது. சிங்களத்தில் கெஹிபெல்லா. சிங்கராஜ வனம் போன்ற ஈரவலயக் காடுகளில்தான் காணலாம். காடு துண்டு துண்டாகிப் போவதால் இது அழியக்கூடிய நிலையில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. காகம் எங்கும் உண்டுதானே என்று நினைக்கிற நாம், அதன் சொந்தக்காரி ஒருத்தி இப்படிக் குறைந்துவருவதை அறியாமல் இருக்கிறோம். எனக்கு அது பெரிய கவலை.

மற்றக் கறுப்புப் பறவைகள் காகச் சாதியே அல்ல. வால் இரண்டாகப் பிளந்திருந்தால் கரிக்குருவி. இறக்கை செம்மண் நிறமாக இருந்தால் செண்பகம். பேர வாவியில் இறக்கையை விரித்து உலர்த்துவது நீர்க்காகம். பெயரில் மட்டுந்தான் காகம்.

குஞ்சு எதுவானாலும், முதலில் அதை எடுக்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். இறகு முளைத்துத் தத்தித் திரியும் குஞ்சு பெரும்பாலும் அநாதை அல்ல, பறக்கப் பழகுகிறது. காகங்கள் உங்கள் தலையைக் கொத்த வந்தால் அது நல்ல அறிகுறி: வளர்க்கிறவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். பூனைக்கு எட்டாத கிளையில் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையல்ல. இரத்தம் வந்தால், இறக்கை தொங்கினால், பூனை கடித்திருந்தால் மட்டும் காற்றோட்டமுள்ள பெட்டியில் வைத்து உடனே கொண்டுவாருங்கள். அதுவரை வாயில் தண்ணீர் ஊற்றவே வேண்டாம். மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நான் பார்த்த குஞ்சுகளில் சில விழுந்ததால் சாகவில்லை, அன்பாக ஊற்றிய தண்ணீரால் செத்தன. அப்புறம், தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

அந்தக் குயில் குஞ்சுக்குக் காயம் எதுவும் இல்லை. எடுத்த இடத்திலேயே மாமரக் கிளையில் வைக்கச் சொல்லி அனுப்பினேன். பின்னேரம் அம்மம்மா தொலைபேசியில் வந்தார். "காகம் வந்து தீத்துது, டொக்டர். பேரன் யன்னலடியை விட்டு எழும்புறானில்லை."