இண்டக்‌ஷன் அடுப்பும் விமான இறக்கை விரிசலும்

கானாடுகாத்தானில் எங்கள் உறவில் ஓர் ஆச்சி இருக்கிறார். மகள் சிங்கப்பூரில். வருடத்துக்கு ஒரு தடவையாவது திருச்சியில் விமானம் ஏறிவிடுவார். போன மாதம் திரும்பி வந்ததும் வராததுமாக எனக்கு ஆள் அனுப்பினார். வளவில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, எனக்குச் சன்னலோர சீட்டு, றெக்கைக்கு நேரா. மேகத்துக்குள்ள போறப்ப அது தென்னை மட்டை கணக்கா ஆடுது. தினம் இப்படி ஆடுனா விரிசல் விடாதா? விட்டா யாரு பார்க்குறது?"

"விடும் ஆச்சி" என்றேன். முகம் மாறிவிட்டது. அட்டமி, நவமி பார்த்துத்தான் டிக்கெட் போடச் சொல்வார். இனி விமானத்தின் ஜாதகத்தையும் கேட்பார் போலிருந்தது. உண்மையில் விமானத்துக்கு ஜாதகம் உண்டு. அதில் பிறந்த தேதியைவிட, இதுவரை எத்தனை தடவை ஏறி இறங்கியிருக்கிறது என்ற கணக்குக்குத்தான் மதிப்பு அதிகம்.

பறக்கும்போது இறக்கைகள் மேல்நோக்கி வளைகின்றன. அடித்தகடு இழுபடும், மேல்தகடு அமுங்கும். தரையிறங்கியதும் அந்த இழுப்பு தளர்ந்துவிடும். ஒரு பயணத்துக்கு ஒரு பெரிய இழுப்பு, நடுவில் காற்றின் சின்னச் சின்ன உலுக்கல்கள். இறக்கை ஒரே இழுப்பில் ஒடியாது. 1995இல் போயிங் 777இன் இறக்கையை வேண்டுமென்றே வளைத்து ஒடித்தார்கள். பறப்பில் வரக்கூடிய உச்சபட்ச சுமை என்று வகுத்ததைப்போல 154 சதவீதம் ஏற்றிய பிறகுதான் ஒடிந்தது. சிக்கல் பலத்தில் இல்லை, திரும்பத் திரும்ப நடப்பதில் இருக்கிறது. கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கி ஒடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உலோகச் சோர்வு என்பது அதன் பொறுமையான அண்ணன்.

சோர்வு பெரும்பாலும் ரிவிட், போல்ட் துளைகளின் ஓரத்தில் தொடங்கும். தகட்டில் வட்டமாக ஒரு துளை போட்டு இழுத்தால், துளையின் விளிம்பில் தகைவு, அதாவது உலோகம் தாங்கும் விசையின் செறிவு, மற்ற இடத்தைவிட மூன்று மடங்கு. இறக்கையிலோ துளைகள் ஆயிரக்கணக்கில். விரிசல் பிறந்துவிட்டால் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு நூலளவுக்கும் குறைவாக நகரும். உடைந்த பரப்பை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், மரத்தின் வளையங்களைப்போல வரிவரியாகத் தெரியும். முதலில் நத்தை வேகம். நீளம் கூடக்கூட நுனியில் தகைவும் கூடுவதால் போகப்போக ஓட்டம்.

அதனால்தான் ஏற்ற இறக்கக் கணக்கு. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய் தீவுகளுக்கு மேலே அலோகா ஏர்லைன்ஸின் போயிங் 737 ஒன்றின் முன்பக்கக் கூரை பிய்த்துக்கொண்டு போனது. விமானிகள் எப்படியோ தரையிறக்கிவிட்டார்கள். பணிப்பெண் ஒருவர் இறந்தார். விமானத்துக்கு வயது 19தான். ஆனால் தீவுக்குத் தீவு குட்டிக் குட்டிப் பயணமாக அது 89,680 தடவை பறந்திருந்தது, அதுவும் உப்புக் காற்றில். அங்கே விட்டது உடற்பகுதியின் தகட்டு இணைப்பு, இறக்கை அல்ல. நோய் மட்டும் ஒன்றுதான்.

சரி, யார் பார்ப்பது? இங்கேதான் விதிகள் வருகின்றன. முன்பெல்லாம் ஒரு பாகம் விட்டால் பக்கத்துப் பாகம் தாங்கும்படி கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். 1977 மே 14 அன்று ஜாம்பியாவின் லுசாகா அருகே ஒரு போயிங் 707 சரக்கு விமானம் வாலின் கிடைச்சிறகு முறிந்து விழுந்து 6 பேர் இறந்தார்கள். பக்கத்துப் பாகம் தாங்கத்தான் செய்தது. ஆனால் முதல் பாகம் விட்டுப்போனதை யாரும் பார்க்காததால், தாங்கிய பாகமும் சோர்ந்து முறிந்தது. மறுவருடம் அமெரிக்க விதி மாறியது. இன்று பயணிகள் விமானம் வடிவமைப்பவர், விரிசல் ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டே கணக்குப் போட வேண்டும், அதுவும் மிக மோசமான இடத்தில். அமெரிக்க விமானப்படையின் வழிமுறை, துளையின் ஓரத்தில் 1.27 மில்லிமீட்டர் கீறல் இருப்பதாகவே தொடங்கச் சொல்கிறது.

கணக்கு எளிது. கருவிக்குத் தென்படும் அளவிலிருந்து ஆபத்தான அளவுக்கு விரிசல் வளர எத்தனை பயணம் ஆகும்? உதாரணத்துக்கு 12,000 என்று வைத்துக்கொள்வோம். அதை இரண்டாலோ மூன்றாலோ வகுத்து, 6,000 அல்லது 4,000 பயணத்துக்கு ஒரு முறை பார்க்கச் சொல்வார்கள். ஒரு தடவை கோட்டை விட்டாலும் அடுத்த தடவை பிடிபட வேண்டும் அல்லவா! கண்ணில் பட்ட விரிசலோடு பறக்க விடுவார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. கண்ணில் படாததற்காகத்தான் இந்தக் கணக்கு.

எதிர்பாராத இடத்தில் விரிசல் தெரிந்தால் ஏர்வொர்த்தினஸ் டைரக்டிவ் என்ற கட்டளை வரும். பொறியாளர்கள் ஏ.டி. என்பார்கள். அதைச் செய்யாத விமானம் பறக்க முடியாது. 2019இல் போயிங் 737இன் ஒரு தலைமுறை விமானங்களில், இறக்கையையும் உடலையும் பிணைக்கும் ஊறுகாய் முள்கரண்டி வடிவப் பாகத்தில் விரிசல் தெரிந்தது. 30,000 பயணம் தாண்டியவற்றை 7 நாளில் பார், 22,600 தாண்டியவற்றை அடுத்த 1,000 பயணத்துக்குள் பார் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு சொன்னது. கிலோமீட்டரும் இல்லை, வருடமும் இல்லை, எல்லாம் பயண எண்ணிக்கைதான்.

எனக்குப் பிடித்த கதை ஏர்பஸ் ஏ380 கதை. 2010 நவம்பரில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய குவாண்டாஸ் விமானம் ஒன்றின் எஞ்சின் வானில் வெடித்தது. பத்திரமாகச் சாங்கிக்கே திரும்பிவிட்டார்கள். சேதமான இறக்கையைப் பழுது பார்க்கும்போது, வெடிப்புக்குச் சம்பந்தமே இல்லாத மயிரிழை விரிசல்கள் கண்ணில் பட்டன, விலா எலும்புபோல உள்ளே இருக்கும் குறுக்குச் சட்டங்களைத் தகட்டோடு பிணைக்கும் சிறு பாகங்களில். 2012 ஜனவரியில் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு, அதிகம் பறந்த சில விமானங்களை மட்டும் கண்ணால் உற்றுப் பார்க்கச் சொன்னது. பிப்ரவரியில் அப்போது ஓடிக்கொண்டிருந்த 68 விமானங்களையும் சோதிக்கச் சொன்னது. இந்த முறை கண் போதாது, சுழல் மின்னோட்டக் கருவியால் பார் என்றது.

கண்ணுக்குத் தெரியாததைச் சுழல் மின்னோட்டம் எப்படிப் பார்க்கிறது? ஆச்சி வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பைத்தான் காட்டினேன். அதன் கண்ணாடிக்குக் கீழே செம்புக் கம்பிச் சுருள் ஒன்று. அதில் விநாடிக்குப் பல ஆயிரம் தடவை திசை மாறும் மின்சாரம். அதனால் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம். மேலே பாத்திரம் வைத்தால், கம்பி ஏதும் இல்லாமலே அதன் அடித்தகட்டில் மின்னோட்டம் வட்டமடிக்கும். பன்னிரண்டாம் வகுப்பில் படித்த சுழல் மின்னோட்டம் இதுதான். பாத்திரம் சுடுகிறது. இந்த அடுப்பைப் பேனா முனை அளவுக்குச் சுருக்கி, சமைக்கும் வேலையிலிருந்து விடுவித்து, ஒட்டுக்கேட்கும் வேலையைக் கொடுத்தால் விரிசல் தேடும் கருவி தயார்.

அலுமினியச் சட்டியை வைத்தால் பெரும்பாலான அடுப்புகள் கீச்சென்று கத்தி மறுத்துவிடும். அலுமினியத்தில் சுழல் மின்னோட்டம் வராது என்று பலர் நினைக்கிறார்கள். தாராளமாக வரும். தடை குறைவு, காந்தத் தன்மையும் இல்லை, அதனால் போதிய அளவு சூடாவதில்லை. சமையலுக்கு ஆகாவிட்டால் என்ன, நமக்கு வேண்டியது சூடு அல்லவே.

தகட்டில் சுற்றும் மின்னோட்டம் தானும் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். லென்ஸ் விதிப்படி அது சுருளின் புலத்தை எதிர்க்கும். அதாவது சுருள் பேசுகிறது, தகடு எதிர்த்துப் பேசுகிறது. அந்த எதிர்ப்பேச்சின் தொனி மாறினால் தகட்டில் ஏதோ கோளாறு. எப்படி மாறும்? நம் செட்டிநாட்டு ஊர்த் தெருக்களை நினைத்துக்கொள்ளுங்கள். வீடு இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். நடுவில் சந்து கிடையாது. தெருவை அடைத்து ஒருவர் கல்யாணப் பந்தல் போட்டுவிட்டால், பத்து வீடு தள்ளிப் போக வேண்டியவர் ஊரையே சுற்ற வேண்டும். விரிசல்தான் அந்தப் பந்தல். மின்னோட்டம் இடைவெளியைத் தாண்ட முடியாமல் அதன் ஓரமாகவும் அடியாகவும் சுற்றிப் போகிறது. பாதை நீள்கிறது, ஓட்டம் மெலிகிறது, சுருளுக்கு அது தெரிந்துவிடுகிறது. பெயின்ட் மேலேயே வைத்துப் பார்க்கலாம், சுரண்ட வேண்டியதில்லை.

எவ்வளவு ஆழம் பார்க்கலாம் என்பதையும் நாமே திருகித் தீர்மானிக்கலாம். இறக்கைக்கு ஆகும் வலுவான அலுமினியக் கலவையில், விநாடிக்கு 1,000 அலைவு என்றால் மின்னோட்டம் சுமார் மூன்றரை மில்லிமீட்டர் வரை இறங்கும். ஒரு லட்சம் அலைவு என்றால் அதில் பத்தில் ஒரு பங்குதான், மேல்தோலோடு நின்றுவிடும். மேற்பரப்பு மயிரிழைக்கு உயர் அதிர்வெண், அடியில் ஒளிந்த இரண்டாவது தகட்டுக்குத் தாழ் அதிர்வெண்.

இவ்வளவும் புத்தகத்தில் உண்டு. புத்தகத்தில் படித்தபோது எனக்குப் புரியாமல், திருச்சியில் ஒரு பயிற்சிக்கூடத்தில் நேரில் பார்த்தபோது வாய் பிளக்க வைத்தது வேறொன்று. கருவியைப் பிடிப்பது மனிதக் கை, நடுங்கத்தான் செய்யும். முனை தகட்டிலிருந்து ஒரு தாள் கனம் விலகினாலே தகட்டின் எதிர்ப்பேச்சு மங்கிவிடும். பெயின்ட் ஓரிடத்தில் தடித்திருந்தாலும் அப்படித்தான். அப்புறம் கை நடுக்கம் எது, விரிசல் எது என்று எப்படிப் பிரிப்பது?

திரையில் ஒரே ஒரு ஒளிப்புள்ளி. அது இடவலமாகவும் நகரும், மேல்கீழாகவும் நகரும். சுருளின் தடை, திசை மாறும் மின்சாரத்துக்கு அது காட்டும் எதிர்ப்பான மின்மறுப்பு என்ற இரண்டு அளவுகளைச் சேர்த்துக் காட்டுகிறது. முனை விலகினால் இரண்டும் ஒரு விகிதத்தில் மாறும், விரிசல் வந்தால் வேறொரு விகிதத்தில் மாறும். ஆகவே புள்ளி கிளம்பும் திசையே வேறு. சோதிப்பவர் முதலில் முனையை வேண்டுமென்றே தூக்கித் தூக்கி வைக்கிறார். புள்ளி எந்தத் திசையில் ஓடுகிறதோ அது படுக்கைக் கோடாக வரும்வரை குமிழைத் திருப்புகிறார். அவ்வளவுதான். இனிக் கை எவ்வளவு நடுங்கினாலும் புள்ளி தரையில் ஊர்ந்துகொண்டே இருக்கும். அளவெடுத்த கீறல் போட்ட மாதிரித் தகட்டின் மேல் முனையை இழுத்தார். அரை மில்லிமீட்டர் கீறல், கண்ணுக்குத் தூசி மாதிரி. அதைத் தாண்டிய கணத்தில் புள்ளி படமெடுத்த பாம்புபோல நிமிர்ந்து எழுந்து அமர்ந்தது. மனிதனின் தவறு படுத்துக்கொள்கிறது, உலோகத்தின் குற்றம் எழுந்து நிற்கிறது! நான் பத்துத் தடவையாவது இழுத்துப் பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

ரிவிட் தலையைச் சுற்றிப் பார்க்கும்போது முனை விளிம்புக்கு வந்தாலே புள்ளி துள்ளும். அதனால் பள்ளிப் பிள்ளைகள் வட்டம் வரையும் பிளாஸ்டிக் அச்சுப் பலகை போன்ற ஒன்றைத் தலைமேல் வைத்து அதன் ஓரமாகவே ஓட்டுகிறார்கள். முக்கியமான துளை என்றால் போல்ட்டைக் கழற்றி, உள்ளே சுழலும் முனையை விட்டுப் பார்ப்பார்கள்.

குறை இல்லாமல் இல்லை. தகட்டுக்கு இணையாகப் படுத்திருக்கும் பிளவு மின்னோட்டத்தை மறிப்பதில்லை, தெருவோரம் போட்ட பந்தலைப்போல. மனிதக் குறையும் உண்டு. ஏ380இன் அந்தப் பாகங்கள் இருப்பது எரிபொருள் தொட்டிக்குள். தொட்டியை வடித்து, காற்றோட்டம் விட்டு, ஆள் தவழ்ந்து போய்ப் பார்க்க வேண்டும். நூறு துளையில் ஒன்றும் இல்லை, நூற்றொன்றாவதிலும் ஒன்றும் இருக்காது என்று நடுராத்திரியில் மனம் சொல்லும். அலோகா விசாரணையிலும் இந்தச் சலிப்பைப் பற்றிப் பேசினார்கள். கருவியின் திறனை அளக்கும்போது ஆளையும் சேர்த்துத்தான் அளக்கிறார்கள்.

இந்த ஆராய்ச்சிக்கும் காரைக்குடிக்கும் தூரம் அதிகமில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் வந்தது நம் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறந்தார்கள். உப்புக் காற்று உலோகத்தை அரிப்பதைப் பற்றி மண்டபம் கடற்கரையில் அவர்கள் செய்யும் வேலையும் ஹவாய் விமானத்தின் கதையும் ஒரே பாடத்தின் இரு பக்கங்கள். கல்பாக்கத்தில் அணு உலைக் குழாய்களைச் சுழல் மின்னோட்டத்தால் சோதிக்கும் ஆய்வு பல காலமாக நடக்கிறது. கும்பாபிஷேகத்துக்கு லட்சம் லட்சமாகக் கொடுக்கும் நம்மவர்கள் சோதனைக்கூடத்துக்குக் கொடுப்பது ஏன் அழகப்பரோடு நின்றுபோனது என்று எனக்கு ஆதங்கம் உண்டு. அரசும் ராக்கெட்டுக்கு மனமுவந்து கொடுக்கும் அளவுக்கு இதற்குக் கொடுப்பதில்லை. ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலையைத் தொலைக்காட்சியில் எப்படிக் காட்டுவது?

இப்போது வரும் போயிங் 787, ஏர்பஸ் ஏ350 இறக்கைகள் கார்பன் இழைப் பிசினால் ஆனவை. அதில் மின்சாரம் சரியாக ஓடாது, என் செல்லப் புள்ளிக்கு அங்கே வேலை குறைவு. கனமான பகுதிகளை மீயொலியால் பார்க்கிறார்கள். தேன்கூடு அமைப்புள்ள மெல்லிய பாகங்களில் இன்றும் சின்னச் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பது உண்டு. உள்ளே அடுக்கு விட்டிருந்தால் சத்தம் மொத்தென்று வரும். ஆச்சிக்கு இது மட்டும் ஆச்சரியமாக இல்லை. "நான் சந்தையில பானை வாங்குறதும் அப்படித்தானே" என்றார்.

அப்புறம் கேட்டார்: "சரி தம்பி, நானே றெக்கையில ஒரு கோடு பார்த்தா என்ன பண்றது?"

பெரும்பாலும் அது தகடுகளின் மூட்டுவாயாகத்தான் இருக்கும். ஆனாலும் பணிப்பெண்ணைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள் என்றேன். அலோகா விமானத்தில் ஏறும்போதே பயணி ஒருவர் கதவுப்பக்கம் விரிசலைப் பார்த்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை.

"அட பாவமே" என்றார் ஆச்சி. கொஞ்ச நேரம் முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "தை மாசம் திரும்பப் போகணும். அதே சன்னல் சீட்டே போட்டுரு."