'கலவரம்' என்று எழுதிவிட்டால்

தீக் காப்பீடு, விபத்துக் காப்பீடு என்று இருபது ஆண்டுகளாக இழப்பீட்டு வழக்குகள் நடத்துகிறேன். கட்சிக்காரர் வந்து உட்கார்ந்ததும் நான் முதலில் கேட்பது நடந்த கதையை அல்ல, பாலிசிப் பத்திரத்தை. சில ஆண்டுகளுக்கு முன்பு வந்த துணிக்கடைக்காரர் ஒருவர் மஞ்சள் பையிலிருந்து அதை எடுத்து நீட்டினார். கலவரத்தில் கடை எரிந்துவிட்டது. தீயணைப்பு வண்டியின் தண்ணீரில் நனைந்து தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. மெல்லப் பிரித்துப் பார்த்தால், கலவரச் சேதத்துக்கான பாதுகாப்பை நீக்கிவிட்டு, பிரிமியத்தில் சில நூறு ரூபாயைக் குறைத்திருந்தார்கள். ஏஜென்ட் 'குறைத்துத் தருகிறேன்' என்றதும் இவர் தலையாட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

"தீப்பிடித்துத்தானே எரிந்தது, வக்கீல் சார்? தீக்குத்தானே பணம் கட்டினேன்?" என்றார்.

இதே கேள்வியை நூறு ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவில் ஒரு பேட்டையே கேட்டது. அடிமைமுறைக்கும் இனவன்முறைக்கும் இழப்பீடு கோரும் நெடும் போராட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அறத்தைப் பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான். என் தொழில்புத்தியோ, அந்த மனுக்கள் எந்த வாசலில் திருப்பி அனுப்பப்பட்டன என்று தேடிப் போகிறது.

ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் கிரீன்வுட் என்பது கறுப்பின மக்கள் கட்டி எழுப்பிய பகுதி. தியேட்டர், ஓட்டல், மருத்துவர், வக்கீல் என்று எல்லாம் அங்கேயே உண்டு. 1921 மே 30 அன்று, ஷூ பாலிஷ் போடும் டிக் ரோலண்ட் என்ற கறுப்பின இளைஞர் லிஃப்டில் ஒரு வெள்ளையினப் பெண்ணிடம் தவறாக நடந்துகொண்டார் என்று பேச்சு கிளம்பியது. மறுநாள் இரவு நீதிமன்ற வாசலில் துப்பாக்கி வெடித்தது. ஜூன் 1 விடியற்காலையில் வெள்ளையர் கூட்டம் கிரீன்வுட்டுக்குள் புகுந்தது. அதில் காவல்துறையே அவசரமாகத் தற்காலிகக் காவலர்களாக நியமித்தவர்களும் இருந்தார்கள். 35 தெருக்கட்டங்கள் அழிந்தன. செஞ்சிலுவைச் சங்கத்தின் கணக்கில் எரிந்த வீடுகள் மட்டும் 1,256. உயிரிழந்தவர்கள் 300 பேர் வரை இருக்கலாம் என்பது வரலாற்றாய்வாளர்களின் மதிப்பீடு.

இது படுகொலை. ஆனால் பத்திரங்களில் 'கலவரம்' என்றே பதிவானது. அந்தக் காலத்துத் தீக் காப்பீட்டுப் பாலிசிகளில், கலவரத்தால் விளையும் சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்ற விலக்கு விதி இருந்தது. கிரீன்வுட்டில் தியேட்டர் கட்டிடமும் ஓட்டல் கட்டிடமும் வைத்திருந்த வில்லியம் ரெட்ஃபெர்ன் என்ற வெள்ளையர் வழக்குப் போட்டார். தீ வைத்தவர்கள் காவல்துறை அதிகாரம் பெற்றவர்கள், எனவே இது கலவரமே அல்ல என்பது அவர் வாதம். நல்ல வாதம், நானாக இருந்தாலும் அதைத்தான் முன்வைத்திருப்பேன். 1926இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வெள்ளையருக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

நகராட்சிக்குச் சுமார் 18 லட்சம் டாலர் கேட்டு மனுக்கள் போயின. எல்லாம் தள்ளுபடி. ஒன்றே ஒன்று விலக்கு: கடையிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட துப்பாக்கிகளுக்காக ஒரு வெள்ளையருக்கு இழப்பீடு கிடைத்தது. இந்த இடத்தை முதலில் வாசித்தபோது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

அடுத்த வாசல் காலவரம்பு. 2003இல், உயிரோடிருந்தவர்களும் வாரிசுகளும் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார்கள். கெடு 2 ஆண்டுகள்தான் என்று மறுஆண்டே வழக்கு தள்ளுபடியானது. அன்றைய இனவெறிச் சூழலில் கறுப்பின மக்கள் வழக்காட வழியில்லை என்பதை நீதிபதி ஒப்புக்கொண்டார். ஆனால் 1960களுக்குப் பிறகு வந்திருக்கலாமே என்றார். என்ன நடந்தது என்று அரசே அமைத்த விசாரணைக் குழுவின் அறிக்கை வந்ததோ 2001இல்தான். 2020இல் வேறு வழியில் முயன்றார்கள். எத்தனை காலம் கழிந்தாலும் பொதுத் தொல்லை, அதாவது ஊர் மக்கள் பலருக்கும் கேடு தரும் செயல், சட்டபூர்வமாகிவிடாது என்கிறது ஓக்லஹோமா சட்டம், அதைப் பிடித்துக்கொண்டார்கள். குறை நியாயமானதே, ஆனால் இந்தச் சட்டப்பிரிவுக்குள் அடங்காது என்று 2024 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. வாதிகளில் ஒருவரான வயோலா பிளெட்சர், ஏழு வயதில் அந்தத் தீயைப் பார்த்தவர். 2025 நவம்பரில், 111 வயதில் இறந்தார். அதே ஆண்டு ஜூனில் டல்சா மேயர் 10.5 கோடி டாலர் அறக்கட்டளைத் திட்டத்தை அறிவித்திருந்தார். அதில் தப்பிப்பிழைத்தவர்களுக்கு நேரடித் தொகை எதுவும் இல்லை.

நம் பக்கம் விதி மாறியிருக்கிறது. இங்கே வழக்கமான தீக் காப்பீட்டில் கலவரச் சேதமும் சேர்ந்தே வருகிறது. கேட்டு நீக்கினால்தான் போகும். ஆகவே இன்று மாலை பத்திரத்தை எடுத்து அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். நகல் ஒன்று கடையிலும் வீட்டிலும் இல்லாமல் வேறெங்காவது இருக்கட்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டுகள்தான். துணிக்கடைக்காரர் என்னிடம் வந்தபோது அதில் பத்தொன்பது மாதங்கள் போயிருந்தன.

கிரீன்வுட் வக்கீல் பி. சி. ஃபிராங்க்ளினின் புகைப்படம் ஒன்று உண்டு. எரிந்த ஊரில் ஒரு கூடாரத்துக்குள் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறார். மக்கள் திரும்பவும் வீடு கட்ட முடியாதபடி நகராட்சி கொண்டுவந்த கட்டிட விதியை எதிர்த்து அவரும் கூட்டாளிகளும் வென்றார்கள். 1931இல் தான் கண்டதைப் பத்துப் பக்கங்களில் தட்டச்சு செய்துவைத்தார். 2015இல் ஒரு வாடகைக் கிடங்கில் அந்தத் தாள்கள் கிடைத்தன. வானத்தில் வட்டமிட்ட விமானங்களும், நடைபாதையெங்கும் கிடந்த எரியும் டர்பன்டைன் உருண்டைகளும் அதில் இருக்கின்றன.