இம்பெர்ஃபெக்தோ: நிறைவுறா இறந்தகாலம்

ஸ்பானிய இலக்கணத்தில் வரும் ‘இம்பெர்ஃபெக்தோ’வைக் ‘குறையுள்ள இறந்தகாலம்’ என்று பெயர்ப்பது தவறு. மூலம் லத்தீன் ‘பெர்ஃபெக்துஸ்’. ‘செய்து முடிக்கப்பட்டது’ என்று பொருள். முன்னால் ‘இம்’ சேர்ந்தால் ‘முடிக்கப்படாதது’. குற்றம் குறை எதுவும் அதில் இல்லை.

கடந்த காலத்தில் நடந்துகொண்டிருந்த செயலையும் பழக்கச் செயலையும் இவ்வடிவம் குறிக்கும். ‘தொடர் இறந்தகாலம்’ என்றால் பழக்கச் செயல் விடுபடும். ‘முற்றா இறந்தகாலம்’ சொல்லழகுதான். ஆனால் ‘முற்று’ நம் இலக்கணத்தில் ஏற்கெனவே வினைமுற்றைக் குறிப்பதால் குழப்பும். ‘நிறைவுறா இறந்தகாலம்’ பொருத்தம். 1847-இல் இலக்கணம் எழுதிய ஆந்த்ரேஸ் பெயோ இதற்குக் ‘கோப்ரெதேரிதோ’ என்று பெயரிட்டார்: இன்னொரு இறந்தகாலச் செயலோடு உடன் நிகழ்வது. மெக்சிகோவில் இப்பெயர் இன்றும் வழங்குகிறது.

வடிவம் எளிது. ‘கான்தார்’ (பாட) போல ‘ஆர்’ ஈற்று வினைகள், நான், நீ, அவள், நாங்கள், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில்: கான்தாபா, கான்தாபாஸ், கான்தாபா, கான்தாபமோஸ், கான்தாபாயிஸ், கான்தாபான். இந்தப் ‘ப’வை உதடுகள் முழுதாக ஒட்டாமல், ஏறக்குறைய ‘வ’ போலச் சொல்ல வேண்டும். லத்தீன் ‘கன்தாபம்’ வடிவத்தின் எச்சம் அது. ‘ஏர்’, ‘ஈர்’ ஈற்று வினைகளில் அந்த ஒலி தேய்ந்துபோனது: கொமேர் (சாப்பிட) – கொமீயா, கொமீயாஸ், கொமீயா, கொமீயமோஸ், கொமீயாயிஸ், கொமீயான். இவை ஆறிலும் ‘ஈ’யின் மேல் அழுத்தக்குறி கட்டாயம், ‘ஆர்’ வகையில் ‘-ஆபமோஸ்’ வடிவத்துக்கு மட்டும். நானும் அவளும் ஒரே வடிவம் என்பதால், ஆள் தெளிவாகாத இடத்தில் ‘யோ’ (நான்), ‘எயா’ (அவள்) என்று எழுவாயைச் சேர்க்க வேண்டும். ஒழுங்கற்ற வினைகள் மூன்றே: செர் (இருக்க), ஈர் (போக), பேர் (பார்க்க).

தமிழர் சறுக்குவது பயன்பாட்டில்தான். “அப்போதெல்லாம் பாட்டி தினமும் பாடுவாள்”: வடிவம் எதிர்காலம், பொருள் பழக்கம், ஸ்பானியத்தில் ‘கான்தாபா’. “நான் வந்தபோது பாடிக்கொண்டிருந்தாள்” என்பதற்கும் ‘கான்தாபா’தான். ஆனால் “மூன்று பாட்டுப் பாடினாள்” என்று எண்ணி முடித்துவிட்டால், முடிந்த செயலைச் சொல்லும் இன்னொரு இறந்தகால வடிவமான ‘கான்தோ’. “அங்கே பத்து வருடம் வசித்தேன்” என்பதும் அப்படியே. நீண்ட காலமாயிற்றே என்று ‘பிபீர்’ (வசிக்க) வினையின் நிறைவுறா வடிவமான ‘பிபீயா’ போடுவார்கள். காலம் அளந்து மூடப்பட்டதால் ‘பிபீ’தான் சரி.

‘கொனொசேர்’ (ஒருவரை அறிய) வினையில் பொருளே மாறும்: ‘கொனொசீயா’ என்றால் அவரை ஏற்கெனவே தெரிந்திருந்தது, ‘கொனொசீ’ என்றால் அன்றுதான் அறிமுகமானார்.