கலமென்சவ்வும் அந்த ரெண்டு கறுப்புக் கோடும்

ஏ.எல். பயோ படிச்ச ஆக்களுக்கு கலமென்சவ்வின்ர, அதாவது கலத்தைச் சுத்தியிருக்கிற மெல்லிய படையின்ர, இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படம் ஞாபகம் இருக்கும். ரெண்டு கறுப்புக் கோடு, நடுவில வெளிறின ஒரு இடைவெளி, ரியூசனில சேர் போர்ட்டில கீறிப்போட்டு "தண்டவாளம் மாதிரி" எண்டு சொல்லுவார். 1990இல நிண்ட ரெயின் 2014இலதான் திரும்ப யாழ்ப்பாணத்துக்கு வந்தது, எங்கட செற்றில கனபேருக்குத் தண்டவாளமே புத்தகத்தில பாத்த சாமான், அதால உவமை பெரிசா ஏறேல்ல. நான் கனகாலமா கலமென்சவ்வு உண்மையிலயே கறுப்பு எண்டுதான் நினைச்சுக்கொண்டு இருந்தன்.

மென்சவ்வின்ர தடிப்பு 7, 8 நனோமீற்றர்தான். பள்ளிக்கூட லாப்பில இருக்கிற ஒளி நுணுக்குக்காட்டிக்கு 200 நனோமீற்றருக்குக் கீழ எல்லாம் ஒண்டாத்தான் தெரியும். வெங்காயத் தோலை வச்சுப் பாத்து "மென்சவ்வு" எண்டு குறிச்சுக் குடுத்தமே, அது கலச்சுவர்!

சரி, இலத்திரன் நுணுக்குக்காட்டியில வச்சால் உடனே தெரியுமோ எண்டால் அதுவும் இல்லை. மென்சவ்வு எண்டுறது காபன், ஐதரசன், ஒட்சிசன் மாதிரி லேசான அணுக்கள், அதுக்குள்ளால இலத்திரன் பெரிசாச் சிதறாமல் போயிடும், கலத்தின்ர மற்றப் பகுதியும் அதே சாமான்தான், பிறகு என்னத்தைப் பிரிச்சுப் பாக்கிறது? அதுக்குத்தான் ஒஸ்மியம் எண்ட பாரமான உலோகத்தின்ர சேர்வை ஒண்டை, ஒஸ்மியம் நாலொட்சைட்டை, சாயமாப் போடுவினம். காபன்ர அணுவெண் 6, ஒஸ்மியத்துக்கு 76, இலத்திரன் அதில பட்டால் நல்லாச் சிதறும், அந்த இடம் படத்தில கறுப்பா விழும். (உதின்ர ஆவி கண்ணில பட்டால் கண்ணையே பழுதாக்கிப்போடும், அதால காத்தை இழுக்கிற பெட்டிக்குள்ள வச்சுத்தான் வேலை.)

மார்கழிப் பனியில விடிய எழும்பிப் பாத்தால் வேலியெல்லாம் சிலந்தி வலை தெரியும், மத்தியானம் அதே வலை அங்கதான் கிடக்கும், ஆனா கண்ணுக்குப் படாது. விடிய நாங்கள் பாத்தது பனித்துளியை. இங்கயும் அப்பிடித்தான், படத்தில இருக்கிறது ஒஸ்மியம்.

இதில ஒரு சிக்கல் கிடக்கு. மென்சவ்வு எண்டுறது ரெண்டு வரிசைக் கொழுப்பு மூலக்கூறு, ஒவ்வொண்டுக்கும் தண்ணிப் பக்கம் பாத்த ஒரு தலையும் உள்ளுக்குப் பாத்த வாலும் இருக்கும். ஒஸ்மியம் பிடிக்கிறது கொழுப்பு வாலில இருக்கிற இரட்டைப் பிணைப்பை, வால் கிடக்கிறது நடுவில. அப்ப நடுவெல்லோ கறுக்கவேணும்? ஆனா கறுக்கிறது ரெண்டு கரையும்! தாக்கம் முடிய வாற ஒஸ்மியச் சேர்வை தண்ணிப் பக்கமா, தலைப் பக்கத்துக்கு நகர்ந்துபோய்ப் படியுது எண்டு ஒரு விளக்கம் சொல்லுவினம்.

அடுத்தது வெட்டு. கலத்தை ரெசினுக்குள்ள இறுக்கி, வைரக் கத்தியால 60, 80 நனோமீற்றர் தடிப்பில சீவுவினம், தண்ணியில மிதக்கேக்க வெள்ளி நிறமா மினுங்கினால் சரியான தடிப்பு. ஆனா அந்தச் சீவலே மென்சவ்வைவிடப் பத்து மடங்குக்குக் கிட்டத் தடிப்பு, அதால மென்சவ்வு நேரா நிமிர்ந்து நிண்டால் மட்டும்தான் ரெண்டு கோடும் பிரிஞ்சு தெரியும், சாஞ்சு கிடந்தால் அந்த இடம் மங்கலாப் போயிடும். ஒரே கலத்தின்ர படத்தில ஒரு பக்கம் கோடு கூரா இருந்து மற்றப் பக்கம் கலைஞ்சு போறது உதாலதான், மென்சவ்வு அங்க பிஞ்சுபோனதில்லை.

1950களின்ர கடைசியில ரொபேட்சன் எண்டவர் நரம்பு, மற்றக் கலங்கள் எண்டு எங்க பாத்தாலும் இதே மூண்டு அடுக்கை (கறுப்பு, வெளிறல், கறுப்பு) கண்டு எல்லா மென்சவ்வும் ஒரே கட்டமைப்புத்தான் எண்டு சொன்னார். அவ்வளவு சாயமும் ரெசினும் போட்டு எடுத்த படத்தை நம்பலாமோ எண்டு கேட்டால் நியாயமான கேள்விதான். இப்ப சாயமே போடாமல், தண்ணி பளிங்காகிறதுக்கு முதல் கண்ணாடி மாதிரி உறையிற வேகத்தில குளிராக்கிப் பாக்கினம், 2017 இரசாயன நோபல் பரிசு அந்த முறைக்குத்தான். அதிலயும் ரெண்டு கோடு தெரியுது, கொஞ்சம் மங்கல். இந்தமுறை அது தலையில இருக்கிற பொசுபேற்று.