விமானத் தோலுக்குள் ஒரு வெள்ளைப் பொடி

போன மழைக்காலத்தில் திருவான்மியூரில் எங்கள் ஃபிளாட்டின் பால்கனிக் கூரையிலிருந்து ஒரு பாளம் சிமென்ட் பெயர்ந்து விழுந்தது. பார்க்க வந்த கொத்தனார் கூரை முழுக்கச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். உள்ளே காலியாக இருப்பதுபோல் சத்தம் வந்த இடத்திலெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதியிருக்கிறதாம். துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும், அதனால் சிமென்ட்டைத் தள்ளிவிடும்.

பழைய விமானத்திலும் ஏறக்குறைய இதே கதைதான். அலுமினியம் துருப்பிடிக்காது என்று சொல்கிறோம். சரி, ஆனால் விமானத்தின் தோலுக்கு, அதாவது வெளித்தகடுகளுக்கு, வெகுகாலமாகப் பயன்படும் 2024 என்ற அலுமினியக் கலவையில், வலுவுக்காக 4 சதவீதத்துக்குச் சற்று மேல் செம்பு சேர்த்திருக்கிறார்கள். உப்பு ஈரம் பட்டால் செம்பு கலந்த துகளும் பக்கத்து அலுமினியமும் குட்டி பேட்டரி ஆகிவிடும். அலுமினியம் கரைந்து வெள்ளைப் பொடியாகும். தின்னப்பட்ட உலோகத்தைப்போல் 6 மடங்கு இடம் அந்தப் பொடிக்குத் தேவை. ஒன்றன்மேல் ஒன்று வைத்து ரிவெட் அடித்த இரண்டு தகடுகளுக்கு நடுவே அது சேர்ந்தால், ரிவெட்டுகளுக்கு இடையில் தகடு தலையணைபோல் உப்பும். ரிவெட் துளைகளின் ஓரத்தில் விரிசல் விழ இதுவே போதும்.

1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 ஒன்றின் மேல்கூரை நடுவானில் பிய்ந்துபோனது. பணிப்பெண் ஒருவர் இறந்தார். 19 வயது விமானம், ஆனால் 89,680 முறை பறந்திருந்தது. தீவுக்குத் தீவு தாவும் குட்டிப் பயணங்கள், சராசரியாக அரை மணி நேரம்கூட இல்லை. ஒவ்வொரு முறையும் உள்ளே காற்றழுத்தம் ஏறி இறங்க, பலூனை ஊதி விடுவதுபோல் தோல் விரிந்து சுருங்கும். கடற்காற்று வேறு.

பறந்துகொண்டிருக்கும் விமானத்தைப் பிரித்து உள்ளே பார்க்க முடியாது. ஓய்வுபெற்ற விமானத்தின் அருமை இங்கேதான். முதலில் அதை வெட்டாமல், சேவையில் இருக்கும் விமானத்தைச் சோதிப்பதுபோலவே சுழல்மின்னோட்டக் கருவியாலும் (உலோகத்துக்குள் மின்னோட்டத்தைச் சுழலவிட்டு விரிசலைத் தேடுவது) மீயொலியாலும் சோதித்துக் குறித்துக்கொள்கிறார்கள். அப்புறம் ரிவெட்டுகளைத் துளையிட்டு எடுத்துத் தகடுகளைப் பிரிக்கிறார்கள். கருவி எதைப் பிடித்தது, எதைக் கோட்டைவிட்டது என்பதற்கு அதுதான் விடைத்தாள். விரிசலைப் பிளந்து மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் நுண்வரிகள் தெரியும். பல இடங்களில் ஒரு பறத்தலுக்கு ஒரு வரி. எண்ணிப் பார்த்து, விரிசல் எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்று கணக்கிடலாம்.

குரோம்பேட்டை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் காட்சிக்கு நின்ற இரண்டு ஓய்வுபெற்ற விமானங்கள்தான் மாணவர் அப்துல் கலாமை விமானப் பொறியியலுக்கு இழுத்தன. அப்படி நிற்கும் விமானத்துக்கு அழுத்தம் ஏறி இறங்குவது இல்லை. அரிப்பு மட்டும் சென்னைக் காற்றில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

மறுநாள் கொத்தனார் வட்டங்களை உடைத்தார். எல்லாவற்றிலும் துரு. வட்டம் போடாத ஒரு மூலையையும் சந்தேகத்துக்கு ஒரு தட்டு தட்டினார். அங்கேயும் கம்பி பல்லிளித்தது.